மீயொலி எலி விரட்டியும் கண்டி ஓட்டு வீடும்

எலி விரட்டி என்ற பெயரில் விற்கப்படும் மீயொலிக் கருவி, சுவரிலுள்ள பிளக் பொயின்டில் நேரடியாகச் செருகி இரவு பகலாக இயங்க விடப்படும் சிறிய பிளாஸ்டிக் பெட்டியாகும். மீயொலி என்பது மனிதச் செவியின் எல்லையான ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட ஒலி. எலிகளோ அந்த எல்லைக்கு வெகு மேலும் கேட்கக்கூடியவை என்பதால், வீட்டாருக்குத் தொந்தரவின்றி அவற்றை மட்டும் துரத்தலாம் என்ற வாதம் முதலில் நியாயமாகவே தோன்றும். உயிரைக் கொல்ல மனமில்லாத குடும்பங்கள், பௌத்தராயினும் சைவராயினும், இதை நாடுவது இயல்பு. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது, ஆகவேதான் அதை நம்பி விற்கப்படும் பொருளை மேலும் கண்டிப்பாக ஆராய வேண்டியுள்ளது.

பெட்டியின் முகப்பில் எரியும் சிறு விளக்கு, மின்சாரம் வருகிறது என்பதற்குச் சான்றே தவிர எலி அஞ்சுகிறது என்பதற்குச் சான்றன்று. மீயொலி சுவரையும் கதவையும் ஊடுருவாது. திரைச்சீலை, மெத்தை, அரிசி மூட்டை போன்றவை அதை உறிஞ்சிக்கொள்ளும். அலுமாரிக்குப் பின்புறம் ஒலிநிழலாகிவிடும். தொடக்கத்தில் சற்று ஒதுங்கும் எலியும், அந்த ஒலியால் தீங்கேதும் நேரவில்லை என்று கண்டதும் பழகி, உணவு இருக்கும் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001 இல் இத்தகைய கருவிகளின் உற்பத்தியாளரும் விற்பனையாளருமாக 60க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாதென எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

கண்டியின் வீடமைப்பு இக்கருவியின் குறையை இன்னும் பெரிதாக்குகிறது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க மண்மேடு கூரையின் உயரத்தை எட்டிநிற்க, உடவத்தைக்கலைக் காட்டை ஒட்டிய பகுதிகளிலும் பேராதனைப் பக்கத் தோட்டங்களிலும் பலா, மாமரக் கிளைகள் ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும். மரமேறுவதில் வல்ல கூரை எலி அக்கிளை வழியே இறங்கி, ஓட்டுக்கும் சுவர்த்தலைக்கும் இடையிலுள்ள வெடிப்பினூடே சீலிங்குக்கு மேல் குடியேறுகிறது. கருவியோ அறைக்குள், சீலிங்குக்குக் கீழே ஒலித்துக்கொண்டிருக்கும். எலி வசிக்கும் இடத்தை எட்டாத கருவிக்குக் கொடுக்கும் காசு வீண் செலவே.

மாற்றாகக் கருதத்தக்கவற்றுள், 1894 இல் அமெரிக்கரான வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்ற விற்சுருள் பொறி, அதாவது இரையைத் தொட்டவுடன் கம்பி சட்டென அறையும் பலகைப் பொறி, இன்றும் நம்பத்தக்கது. எலிக்குப் புதிய பொருளைக் கண்டு விலகும் இயல்பு உண்டு என்பதால், பொறியை முதல் சில இரவுகள் விசையேற்றாமல், கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காய்ச்சொட்டோ வைத்து விட்டுவைப்பதும், பின்னர் இரைப்பக்கம் சுவரைத் தொடும்படி சுவருக்குச் செங்குத்தாக வைப்பதும் பலன் தரும். பசைத்தட்டு, ஒட்டிக்கொண்ட உயிரை நெடுநேரம் வதைப்பதால், எவ்வகையிலும் பரிந்துரைக்கத் தக்கதன்று. இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவது குற்றம்.

ஆயினும் கொல்லாமை விரும்பும் வீட்டுக்கு உண்மையில் உகந்தது கம்பிவலையே. சுண்டெலி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் இடைவெளியிலும், பெரிய எலி 12 மில்லிமீற்றர் அளவினதிலும் நுழைந்துவிடும் என்பதால், வலைக்கண் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத, துத்தநாகம் பூசிய இரும்பு வலையைத் தேர்ந்து, ஓட்டு விளிம்பிலும் குழாய் நுழையும் துளைகளிலும் ஆணியும் சீமெந்துக் கலவையும் கொண்டு இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் நுளம்பு வலையை எலி ஓரிரவில் கடித்துவிடும். எலியைத் தடுப்பது வசதியை மட்டும் சார்ந்த விடயமன்று. எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரா பக்ரீரியா தோலின் காயத்தூடாகப் புகுந்து உண்டாக்கும் நோய், 2008 இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாகப் பதிவாகியுள்ளது. எனவே சீலிங்கில் எச்சங்களைத் துப்புரவாக்குவோர் கையுறை அணிவது அவசியம்.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது: முதலில் கிளைகளைக் கூரையிலிருந்து விலக்கி வெட்டி, பிற வழிகளை அடைத்து, கடைசித் துவாரத்தின் வாயில் மாவைத் தூவி, வெளியேறிய கால்தடம் மட்டும் தெரிந்து உள்நோக்கிய தடம் ஏதும் இல்லாதபோதே அதை மூட வேண்டும்; அவசரப்பட்டு மூடினால் உள்ளே அகப்பட்ட தாயும் குட்டிகளும் பட்டினியால் மடியும்.