நான்சி ஹாங்க்ஸ்: திருமணப் பதிவேடுகளும் லிங்கன் வரலாற்று நூல்களும்

ஐக்கிய அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ். இவர் 1818 அக்டோபர் 5 அன்று இந்தியானாவின் காட்டுப்பகுதிக் குடியிருப்பு ஒன்றில் காலமானார். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. நான்சிக்கு எழுதத் தெரியாது. ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறிதான் இட்டார். ஆகவே தம்மைப் பற்றி அவர் எழுதிவைத்தது என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் அவருக்கு முறைப்படி திருமணம் நடந்ததா, அவர் யாருடைய மகள் என்ற இரு கேள்விகளை வைத்துப் பல நூல்கள் எழுதப்பட்டன. அந்நூல்கள் பழைய பதிவேடுகளை எவ்வாறு பயன்படுத்தின, எங்கே அவற்றின் எல்லையைத் தாண்டின என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

லிங்கன் தந்த குறிப்புகள்

லிங்கன் தம் குடும்பத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதினார். 1859 டிசம்பரில் ஜெசி ஃபெல் என்ற நண்பருக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். 1860இல் ஜான் ஸ்கிரிப்ஸ் என்ற பத்திரிகையாளருக்குச் சற்று விரிவான ஒன்றை எழுதித் தந்தார். பெற்றோர் இருவரும் வர்ஜீனியாவில் பிறந்தவர்கள், பேர்பெற்ற குடும்பத்தினர் அல்லர், தாய் ஹாங்க்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் தாய்வழி பற்றி ஃபெல்லுக்கு அதிகம் சொல்லவில்லை. தந்தைவழியில் அவர் பெயரையே கொண்ட பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குக் குடியேறியதும், காட்டைத் திருத்தி நிலமாக்கிக் கொண்டிருந்தபோது செவ்விந்தியர் தாக்குதலில் இறந்ததும் சற்று விரிவாகவே வருகின்றன. புதிய இங்கிலாந்துப் பகுதியில் வாழ்ந்த லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைக்கச் சிலர் முயன்றும், இரு குடும்பங்களிலும் ஒரே மாதிரியான பெயர்கள் இருப்பதைத் தவிர வேறு எதுவும் கிட்டவில்லை என்று லிங்கன் எழுதினார்.

அவர் காணாத அந்தத் தொடர்பு அவருக்குப் பின் நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து 1637இல் மாசசூசெட்ஸுக்கு வந்த சாமுவேல் லிங்கனில் தொடங்கி, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி என்று தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்த வழி இன்று தெளிவாக உள்ளது. கென்டக்கி நிலச்சான்று ஒன்றில் பாட்டனாரின் பெயர் 'லிங்கார்ன்' என்று எழுதப்பட்டிருப்பதுகூடத் தடையாகவில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. நிலம் வாங்கியது, விற்றது, உயில் எழுதியது என்று ஆண்களின் பெயர் காகிதத்தில் திரும்பத் திரும்ப வந்ததால் அந்த வழியைத் தொடர முடிந்தது.

பெண்வழி அப்படியன்று. எல்லைப்புறக் குடியேறிகளின் மகளிர் பதிவேட்டில் தலைகாட்டும் இடங்கள் மிகச் சில: திருமணம், தந்தையின் உயில், நேரம் கெட்டிருந்தால் நீதிமன்றம். ஹாங்க்ஸ் குடும்பத்தில் இம்மூன்றுமே உண்டு. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

காணாமற்போன திருமணம்

தாமஸ் லிங்கனும் நான்சியும் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்களின் திருமணப் பதிவை அங்கேயே தேடினார்கள். கிடைத்தது வேறொன்று: நான்சி இறந்த பின் தாமஸ் 1819 டிசம்பர் 2 அன்று சாரா ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணந்த பதிவு. ஹார்டின் கவுண்டி எழுத்தராக இருந்த சாமுவேல் ஹேகிராஃப்ட் 1860இல் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். மே 28 அன்று லிங்கன் அனுப்பிய பதில் சுருக்கமானது: சாரா தந்தையின் இரண்டாம் மனைவி, தம் தாயின் கன்னிப்பெயர் நான்சி ஹாங்க்ஸ். குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஒருவர் தம் தாய் யார் என்பதைப் பதிவாளருக்குத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் திருமணத்துக்குப் பதிவு உண்டு, முதல் திருமணத்துக்கு இல்லை என்ற இந்த நிலையைத்தான் வார்டு ஹில் லேமன் பெயரில் 1872இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு பற்றிக்கொண்டது. லேமன் லிங்கனின் நண்பர். நூலை உண்மையில் எழுதியவர் சான்சி பிளாக். லிங்கனின் பெற்றோர் முறைப்படி மணந்தார்களா என்ற ஐயத்தை அந்நூல் வாசகர் மனத்தில் விதைத்தது. ஓர் அலுவலகத்தில் தேடிக் கிடைக்காததை, நடக்கவே இல்லை என்பதற்குச் சான்றாக்கியது அதன் பெருங்குறை. மணமகளின் ஊரில் திருமணம் நடப்பதும், அவ்வூர் அடங்கிய கவுண்டியில் பிணைமுறி எழுதுவதும் அக்கால வழக்கம். மணமாவதற்கு முன் நான்சி எங்கே வாழ்ந்தார் என்று யாராவது கேட்டிருந்தால் போதும்.

1878இல் வாஷிங்டன் கவுண்டியின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் (இல்லினாயில் லிங்கன் வாழ்ந்த அதே பெயருள்ள ஊர் அன்று) அந்தப் பதிவு வெளிப்பட்டது. கிடைத்தவை இரண்டு காகிதங்கள். ஒன்று 1806 ஜூன் 10 தேதியிட்ட பிணைமுறி: தாமஸ் லிங்கனும் நான்சியின் காப்பாளராக ரிச்சர்ட் பெரியும் கையெழுத்திட்டு, இத்திருமணத்துக்குச் சட்டத்தடை ஏதும் இல்லை என்று 50 பவுனுக்குப் பொறுப்பேற்றது. மற்றது ஜெசி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் தாம் செய்துவைத்த திருமணங்களைத் தொகுத்து அளித்த பட்டியல். அதில் 1806 ஜூன் 12 அன்று தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ் திருமணம் உள்ளது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் 'திருமணச் சான்றிதழ்' என்றே பல நூல்கள் எழுதிவருகின்றன. அது சரியன்று. பிணைமுறி திருமணம் நடக்கப்போவதற்கான உறுதி மட்டுமே. எழுதிக் கொடுத்துவிட்டு மணம் நின்றுபோவதும் உண்டு. நடந்ததைக் காட்டுவது போதகரின் பட்டியல்தான். லிங்கனின் தமக்கை சாரா பிறந்தது 1807 பிப்ரவரி 10, லிங்கன் பிறந்தது 1809 பிப்ரவரி 12. ஜெசி ஹெட்டின் பட்டியலில் உள்ள ஒற்றை வரியால் லேமன் நூல் எழுப்பிய ஐயம் தீர்ந்தது. தந்தை தாமஸ் அல்லர், வேறொருவர் என்ற வதந்திகள் மட்டும் ஓயவில்லை. வில்லியம் பார்ட்டன் 1920இல் ஒரு முழு நூலே எழுதி, சொல்லப்பட்ட ஒவ்வொரு பெயரையும் எடுத்து ஆராய்ந்து தள்ளினார். இத்தனை பொறுமையோடு ஊர்ப்பேச்சை மறுத்த வரலாற்று நூல்கள் குறைவு.

நான்சி யார் மகள்?

இரண்டாம் கேள்விக்குப் பிணைமுறியில் விடை இல்லை. பெற்றோர் பெயர் அதில் வருவதில்லை. காப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டிருப்பது, பெண்ணுக்குத் தந்தை அருகில் இல்லை என்பதை மட்டும் உணர்த்துகிறது.

லிங்கனோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன், ஜெசி வெய்க்குடன் இணைந்து 1889இல் எழுதிய நூலில் ஒரு செய்தியைச் சொன்னார். 1850 வாக்கில் இருவரும் ஒற்றைக் குதிரை வண்டியில் நீதிமன்றத்துக்குப் போகும்போது, தம் தாய் லூசி ஹாங்க்ஸுக்கும் வர்ஜீனியாவைச் சேர்ந்த வசதியான ஒருவருக்கும் மணத்துக்குப் புறம்பே பிறந்தவர் என்று லிங்கன் கூறினாராம். தமக்கு வாய்த்த அறிவுத்திறன் அந்த முகம் தெரியாத பாட்டனாரிடமிருந்து வந்தது என்றும் நினைத்தாராம். நூலுக்கு எழுந்த எதிர்ப்பு கடுமையானது. 1892இல் வந்த மறுபதிப்பில் அப்பகுதிகள் நீக்கப்பட்டன.

ஹெர்ண்டனின் செய்தியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறிவு யாரிடமிருந்து வந்தது என்ற பகுதி கருத்து. மனிதரின் குணத்துக்கு இரத்தத்தில் காரணம் தேடுவது ஹெர்ண்டனுக்குப் பிடித்தமான வேலை. பிறப்பு பற்றிய பகுதி அப்படியன்று; அதற்கு வெளியே இருந்து ஆதரவு உண்டு. லிங்கன் தம் முன்னோர் பற்றிச் சில செய்திகளைச் சொல்லி அவற்றை வெளியிட விரும்பவில்லை என்று ஸ்கிரிப்ஸும் 1865இல் ஹெர்ண்டனுக்கு எழுதியிருக்கிறார். நான்சியின் உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸ், நான்சியின் கன்னிப்பெயர் ஸ்பாரோ என்று சாதித்தார். லூசி பின்னாளில் மணந்தவர் ஹென்றி ஸ்பாரோ. மறைக்க ஒன்றும் இல்லாத குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் 1899இல் வெளியிட்ட சிறுநூல் இதற்கு மறுப்பாக எழுந்தது. கென்டக்கியின் நெல்சன் கவுண்டியில் 1793இல் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் எழுதிய உயிலை அவர் முன்வைத்தார். அதில் மகன்களுக்குக் குதிரைகளும் மகள்களுக்குக் கிடாரிக் கன்றுகளும் பிரித்துத் தரப்பட்டுள்ளன. நான்சி என்ற மகளுக்கும் ஒரு கிடாரி உண்டு. இந்த நான்சிதான் லிங்கனின் தாய் என்பது ஹிட்ச்காக்கின் முடிவு. உண்மையான ஆவணம், அழகான கதை. ஆனால் உயில் காட்டுவது அப்பெயரில் ஒரு மகள் இருந்தாள் என்பதை மட்டும்தான். பாட்டி பெயரும் அத்தை பெயரும் பேத்திக்கு வரும் குடும்பங்களில் ஒரே காலத்தில் பல நான்சிகள் இருப்பது இயல்பு. உயிலில் வரும் நான்சி, டென்னிஸ் ஹாங்க்ஸின் தாய் என்று பார்ட்டன் பின்னர் எடுத்துக்காட்டினார்.

பார்ட்டன் 1920களில் எழுதிய நூல்கள் லூசியையே நான்சியின் தாயாக நிறுவ முயன்றன. மெர்சர் கவுண்டிப் பதிவேடுகளில் லூசி மூன்று முறை வருகிறார். 1789 நவம்பரில் ஒழுக்கக்கேடு என்று அவர் மீது குற்றச்சாட்டு. 1790 ஏப்ரலில் தாம் உரிய வயதை அடைந்தவர் என்றும் ஹென்றி ஸ்பாரோ உரிமம் பெறத் தமக்குச் சம்மதம் என்றும் தம் கையெழுத்திலேயே தந்த சீட்டு. 1791 ஏப்ரலில் திருமணம். மகள் குறியிட்ட இடத்தில் தாய் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதைப் பார்ட்டனின் வாசகர்கள் பலர் கவனிப்பதில்லை.

லூயிஸ் வாரன் 1926இல் வெளியிட்ட நூல், தாமஸ் லிங்கனைப் பொறுத்தவரை இத்துறையின் மிகச் சிறந்த பணி. கவுண்டி கவுண்டியாக நிலப்பத்திரங்களையும் வரிப்பட்டியல்களையும் புரட்டி, சோம்பேறி என்று முந்தைய நூல்கள் வரைந்த தாமஸின் படத்தை அவர் கலைத்தார். 1803இல் 238 ஏக்கர் நிலம் வாங்கிய தாமஸ், 1814இன் வரிப்பட்டியலில் உள்ள 98 பேரில் சொத்து மதிப்பில் 15ஆவது இடத்தில் இருந்தார். கென்டக்கியின் குழப்பமான நில அளவையால் உரிமை வழக்குகளில் சிக்கித்தான் 1816இல் இந்தியானாவுக்குப் போனார். ஆனால் நான்சி பற்றி எழுதும்போது அதே வாரன் வேறு ஆளாகிவிடுகிறார். ஜோசப்பின் உயிலில் லூசியின் பெயர் இல்லை. ஆகவே லூசி ஹாங்க்ஸ் குடும்பத்து மகள் அல்லர், ஷிப்லி குடும்பத்திலிருந்து வந்த மருமகள். ஜேம்ஸ் ஹாங்க்ஸின் கைம்பெண். நான்சி அவர்களின் முறையான குழந்தை என்று வாதிட்டார். உயிலில் பெயர் விடுபடப் பல காரணங்கள் உண்டு. மணமாகிப் போய்விட்ட மகள், மனத்தாங்கலில் விலக்கப்பட்ட மகள் ஆகியோரும் விடுபடுவர். லேமன் நூல் செய்த அதே பிழை இது. இங்கே நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. அவதூறை மறுக்க வந்தவரும் காகிதத்தில் இல்லாததையே சான்றாக்கினார். பார்ட்டன், வாரன் இருவருமே போதகர்கள் என்பதால் சமயப் பற்றை இதற்குக் காரணமாகச் சொல்வதும் எளிதல்ல.

இதற்கிடையில் நான்சியின் திருமணம் நடந்த மரக்குடில் என்று போற்றப்படும் கட்டடம் ஹாரட்ஸ்பர்க் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அதைச் சுற்றி 1931இல் செங்கல் மண்டபம் ஒன்றும் எழுந்தது. ஹாரட்ஸ்பர்க் மெர்சர் கவுண்டியின் தலைநகரம். லூசி மீது குற்றம் சாட்டிய கவுண்டி அதுதான்.

மரபணு சொன்னதும் சொல்லாததும்

2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, தாய்வழியில் மட்டும் தொடரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஹாங்க்ஸ் வழிப் பெண்களின் கால்வழியினரிடம் ஒப்பிட்டது. எக்ஸ்1சி என்ற மிக அரிய வகை அவர்களிடம் காணப்பட்டது. ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் லீயின் வழியோடு நான்சியின் வழி பொருந்தியது. ஷிப்லி வழியோடு பொருந்தவில்லை. வாரனின் கோட்பாடு இதனால் வீழ்ந்தது.

ஆய்வு வந்ததும் ஹெர்ண்டன் சொன்னது முழுவதும் நிறுவப்பட்டுவிட்டது என்று எழுதியவர்கள் சற்று அவசரப்பட்டார்கள். ஆன் லீயின் மகளானாலும், ஆன் லீயின் மகள் லூசிக்குப் பிறந்த பேத்தியானாலும் இந்த மரபணு ஒன்றுதான். ஹிட்ச்காக்கின் நான்சிக்கும் பார்ட்டனின் நான்சிக்கும் இடையே ஆய்வகம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை முடிவுசெய்பவை இன்னும் பழைய சான்றுகள்தான்: உயிலில் வரும் நான்சி டென்னிஸின் தாய் என்பது, லூசியின் சீட்டு, டென்னிஸின் பெயர் மாற்றம், வண்டியில் ஹெர்ண்டன் கேட்டது. அவை லூசி பக்கமே சாய்கின்றன. தந்தைவழி பற்றி இந்த மரபணு எதுவும் சொல்வதில்லை. வர்ஜீனியாவின் அந்த வசதியான மனிதருக்கு இன்றும் சில நூல்கள் சூட்டிவரும் பெயர்களில் ஒன்றையும் எந்தக் கவுண்டிப் பதிவேடும் தாங்கவில்லை.