ஒரு பாட்டோடு நின்றுபோனவர்கள்: லெனி கேய் குறித்துச் சில அவதானிப்புகள்

விமர்சனம் என்றால் தரவரிசை என்றே நம்மில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார் பெரிய கவிஞர், யார் இரண்டாம் தரம், யாருடைய நாவல் நிலைத்து நிற்கும் என்பதைச் சுற்றியே புகலிடச் சிற்றிதழ்களின் சண்டைகளில் பாதி நடந்தது. (மீதிப் பாதி எதைச் சுற்றி நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.) இந்த வழக்கத்துக்கு வெளியே நின்று விமர்சனம் செய்த ஒருவரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அவர் இலக்கியக்காரர் அல்ல. லெனி கேய் என்னும் ரொக் கிற்றார்க் கலைஞர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர்.

1946இல் நியூயோர்க்கில் பிறந்த கேய், பதின்ம வயதில் நியூ ஜேர்சியின் நோர்த் பிரன்ஸ்விக்கிற்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. பக்கத்திலிருந்த ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இன்று எடிசனிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் வாழும் எங்கள் பிள்ளைகளிற் பலர் படிப்பதும் அங்கேதான். 1966இல் லிங்க் குறொம்வெல் என்ற புனைபெயரில் ஒரு பாட்டுப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். அது விற்கவில்லை. பின்னர் இசை விமர்சனங்கள் எழுதினார், நியூயோர்க்கில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் வேலை செய்தார். இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்துதான் அவரை ஆக்கின என்பது என் கணிப்பு. எது எங்கே யாரால் வாசிக்கப்பட்டது என்று தெரிந்திருப்பவன் வேறு, அது ஏன் முக்கியம் என்று எழுதத் தெரிந்தவன் வேறு. இருவரும் ஒருவரிலேயே சேர்வது அபூர்வம்.

எலெக்ட்ரா நிறுவனத்தின் ஜக் ஹோல்ஸ்மன் கேட்டுக்கொண்டதன் பேரில், 1972இல் அவர் 'நகற்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டைத் தொகுத்தார். 1965க்கும் 1968க்கும் இடையில் வெளிவந்த 27 பாட்டுகள். பாடியவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதுப் பையன்கள். வீட்டுக் கார்க்கொட்டிலில் பழகி, ஊர் மண்டபங்களில் வாசித்து, ஒரேயொரு பாட்டால் சில வாரங்கள் வானொலியில் கேட்கப்பட்டு, பிறகு வேலைக்கோ படிப்புக்கோ வியட்நாம் போருக்கோ போய்விட்ட தலைமுறை. நியூ ஜேர்சியின் பேர்கன்ஃபீல்டிலிருந்து நிக்கபொக்கேர்ஸ், சான் ஹோசேயிலிருந்து கவுண்ட் ஃபைவ், ரெக்சஸின் ஒஸ்ரினிலிருந்து தேர்ட்டீன்த் ஃபுளோர் எலிவேற்றர்ஸ். நிக்கபொக்கேர்ஸின் பாட்டைக் கேட்டவர்கள் அதை பீற்றில்ஸ் என்றே எண்ணினார்கள். அதாவது, அது அப்பட்டமான போலி. ஆனால் கேய் அதைக் கேட்கச் செய்யும்போது அந்தப் போலிக்குள் ஓர் அவசரம் கேட்கிறது. நமக்கும் ஒரு குரல் கிடைத்துவிட்டது, சீக்கிரம் பாடிவிட வேண்டும் என்ற அவசரம்.

'பங்க் ரொக்' என்ற சொல்லை அந்தத் தட்டின் உறைக்குறிப்பில் அவர் இந்தப் பையன்களுக்குப் பயன்படுத்தினார். சொல்லைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். வேறு விமர்சகர்களும் அக்காலத்தில் அதைப் புழங்கினார்கள். ஆனால் சொல்லும் அதற்குரிய 27 சான்றுகளும் ஒரே உறைக்குள் வந்தபோது, பின்னால் வந்த இளைஞர்களுக்கு ஒரு பரம்பரை கிடைத்தது. நம் சூழலில் இதற்கு ஒப்புமை தேடினால் எனக்கு நினைவுக்கு வருவது 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்'. மெல்லிய நூல்தான். ஆனால் உதிரியாகக் கிடந்த பெண்களின் கவிதைகளை அது ஒரு தளத்தில் நிறுத்தியது. அதற்குப் பின் எழுத வந்தவர்கள் வெறுமையிலிருந்து தொடங்கவேண்டியிருக்கவில்லை.

கேயின் தெரிவில் குறை இல்லையா? உண்டு. பாடியவர்கள் ஏறத்தாழ எல்லாருமே வெள்ளை ஆண்பிள்ளைகள். அவர்கள் எந்தக் கறுப்பு இசையிலிருந்து எடுத்துக்கொண்டார்களோ அந்த இசை அங்கே நிழலாக மட்டுமே இருக்கிறது. தொகுப்பாளனுடைய காதுக்கும் நிறமும் பாலும் உண்டு.

அவருடைய கிற்றார் வாசிப்புப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. அவர் வித்துவான் அல்லர். ஆனால் 1971 பெப்ரவரி 10ஆம் நாள், நியூயோர்க் சென் மார்க்ஸ் தேவாலயத்தில், நியூ ஜேர்சியில் வளர்ந்த பட்டி ஸ்மித் கவிதை வாசித்தபோது பக்கத்தில் இருந்து வாசித்தவர் அவர். ஒரு கவிதைக்கு, கார் மோதி நொருங்கும் சத்தத்தைக் கிற்றாரில் எழுப்பினாராம். எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் கவிதா நிகழ்வுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இராது. அதன்பின் 1975இன் 'ஹோர்சஸ்' தொடங்கி இன்றுவரை, இடையில் ஒரு நீண்ட இடைவெளி தவிர, அவர் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு இடம்விட்டே வாசித்து வந்திருக்கிறார். ஒரு பெண் கவிஞருக்குப் பக்கத்தில் இரண்டாமிடத்தில் அரை நூற்றாண்டு நிற்கத் தெரிந்த ஆண் அறிவுஜீவிகள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தயாரிப்பாளராகவும் அதே குணம்தான். சுசான் வேகாவின் முதல் தட்டையும் (1985), 'லூக்கா' என்ற பாட்டு அடங்கிய இரண்டாவது தட்டையும் (1987) ஸ்டீவ் அடாபோவுடன் சேர்ந்து தயாரித்தார். அடிபடும் சிறுபிள்ளையின் குரலில் அமைந்த அந்தப் பாட்டுக்கு மேல் எந்த அழுகையையும் ஏற்றவில்லை. இடையில் வேலன் ஜெனிங்ஸின் சுயசரிதையில் கைகொடுத்தார் (1996), பழைய காதற்பாடகர்கள் பற்றி நூல் எழுதினார் (2004). அண்மைக்கால நூலான 'லைற்னிங் ஸ்ற்றைக்கிங்' நகரம், ஆண்டு என்று பிரித்து ரொக் வரலாற்றைச் சொல்கிறது. பெயர்கள் மழையாகக் கொட்டுவதால் எனக்குச் சற்று மூச்சுத் திணறியது. அதில் நோர்வே 1993க்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஆண்டுகளில் ஒஸ்லோவிலிருந்து 'சுவடுகள்' வந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை.

1998இல் றைனோ நிறுவனம் 'நகற்ஸை' நான்கு குறுந்தட்டுகளாக விரித்து வெளியிட்டது. 27 பாட்டு 118 ஆயிற்று. ஆவணம் என்ற வகையில் அது பெரிய வேலை. ஆனால் விமர்சனம் என்ற வகையில் பழைய 27தான் கூர்மையானது. ஏனெனில் அங்கே ஒருவர் தெரிந்தெடுத்து, ஏன் என்று சொல்லியிருக்கிறார்.

நம் நிலைமை இதற்கு எதிர்மாறு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சியின் பயனாக, ஒருகாலத்தில் எவர் வீட்டுப் பரணிலோ கிடந்த சிற்றிதழ்களெல்லாம் இன்று யாரும் வாசிக்கக்கூடியனவாக உள்ளன. 1981இல் நூலகம் எரிந்த சனத்துக்கு இது சின்ன விடயமல்ல. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குள், ஜேர்மனியின் அகதி முகாமிலிருந்தோ பாரிஸ் உணவகச் சமையலறையிலிருந்தோ ஒரேயொரு நல்ல கதை எழுதிவிட்டு மறைந்தவர்கள் இருக்கிறார்கள். நமது தரவரிசைக்காரர்கள் அவர்களைப் பொருட்படுத்தமாட்டார்கள், தொகுதி போடாதவர் எழுத்தாளரே அல்லர் என்பார்கள். என் கேள்வி எளிது. அந்தக் கதைகளில் 27ஐத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுத நம்மில் யார் தயார்? 27 என்ற எண்ணில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மறுப்புள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதலாம், எழுதும்போது தங்கள் தெரிவு ஒன்றையாவது பெயர் சொல்லி எழுதட்டும்.