ஜப்திக்கு முன்னால்

கூடுவாஞ்சேரி போன்ற ஊரில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு நகையாக இருக்கும், மாதச் சீட்டாக இருக்கும், ஜி.எஸ்.டி. சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு மனையாக இருக்கும். அந்தச் சேமிப்பைக் கூடுதல் வட்டி காட்டி வாங்குபவர்களிடமிருந்து அதைக் காக்க, நம் சட்டங்கள் எவ்வளவு உதவியிருக்கின்றன?

1990களில் தமிழகத்தில் பைனான்ஸ் கம்பெனிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த பிறகு, 1997இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று இல்லாமல் நிதி நிறுவனம் நடத்தக் கூடாது என்றானது. தமிழக அரசு டெபாசிட்தாரர் நலனைக் காக்க டான்பிட் சட்டத்தைக் கொண்டுவந்தது. சொத்தை ஜப்தி செய்ய அதிகாரம், தனி நீதிமன்றம், பத்தாண்டு வரை சிறை. 2011இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

டான்பிட் துணிச்சலான சட்டம், சந்தேகமில்லை. ஏமாற்றும் நோக்கம் தெரிந்தாலே, பணம் திரும்பாமல் போகும் முன்பே, ஜப்தி செய்ய அதில் இடம் உண்டு. ஆனால் நோக்கத்தை நிரூபிப்பது யார்? வட்டி ஒழுங்காக வரும்வரை பணம் போட்டவர் புகார் கொடுக்கமாட்டார். பதிவே செய்யாத கம்பெனியோ ரிசர்வ் வங்கியின் வழக்கமான கண்காணிப்புக்குள் வருவதில்லை. 2022 மே மாதம் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு சோதனை நடத்தியது. மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானது என்கிறது காவல்துறை. பதிவு பெற்ற நிதி நிறுவனம் ஆண்டுக்கே 12.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. இவ்வளவு பெரிய வித்தியாசம் வெளியே தெரிந்தபோதே நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும்.

அதனால்தான் 2019இன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தை உண்மையான சீர்திருத்தம் என்பேன். ஏமாற்றியதை நிரூபிக்கத் தேவையில்லை; அனுமதியின்றி டெபாசிட் கேட்பதே குற்றம். அச்சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட அதிகாரி விளம்பரத்தைப் பார்த்தே விசாரணை தொடங்கலாம்.

இருந்தும் அதன் 12ஆம் பிரிவு எனக்கு உடன்பாடில்லை. மற்றக் கடன்களுக்கும் வரிகளுக்கும் முன்னால் டெபாசிட்தாரரை நிறுத்திவிட்டு, வங்கிகள் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் விலக்கு தருகிறது. டெபாசிட் பணத்தில் வாங்கிய நிலம் வங்கியில் அடமானமாக இருந்தால், வங்கி எடுத்ததுபோக மிச்சம்தான் பணம் போட்டவர்களுக்கு. அடமானத்தை ஆராய வங்கியிடம் வழக்கறிஞர்களும் மதிப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள். ஓய்வூதியத்தைப் போட்டவரிடம் ஒரு ரசீதுதான் இருக்கிறது. டெபாசிட் பணத்தில் வாங்கியது என்று நிரூபணமாகும் சொத்துக்காவது அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.