மோதிரம் கொடுத்தவள்

இத்தாலிய பாஸிஸத்தைப் பற்றிய புஸ்தகங்களில் தவறாமல் தடி வருகிறது, விளக்கெண்ணெயும் வருகிறது. எதிரிகளைப் பிடித்து வைத்துப் பேதியாகும்படி விளக்கெண்ணெய் புகட்டிய கருஞ்சட்டைக்காரர்களை யாரும் விடுவதில்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் தடியால் மட்டும் ஒரு ஜனசமூகத்தை இருபது வருஷம் ஆண்டுவிட முடியும் என்று, கதை எழுதுகிறவனான என்னால் நம்ப முடியவில்லை.

1935 அக்டோபரில் முஸோலினி அபிஸீனியாவின்மேல் படையெடுத்தார். சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. உடனே அவர் தம் நாட்டுப் பெண்களிடம் கல்யாண மோதிரத்தைக் கேட்டார். டிசம்பர் 18-ஆம் தேதி, ரோமில், பெயர் தெரியாத போர்வீரனின் சமாதி முன்னால் ராணி எலேனா முதல் மோதிரத்தைப் போட்டாள். போரில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் பின்னால் வரிசையாக வந்தார்கள். தங்கத்துக்குப் பதிலாக எஃகு வளையம் கிடைத்தது. இத்தாலிய பாஷையில் 'ஃபேதே' என்றால் நம்பிக்கை. கல்யாண மோதிரமும் அதுவே. அந்த நாளுக்கு வைத்த பெயரும் அதுதான். சிலேடையில் ராஜாங்கம் நடத்தத் தெரிந்தவன் சாமானியன் அல்ல!

பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாளே என்று கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைப் புரிந்துகொள்வது சுலபம். மனப்பூர்வமாகக் கழற்றிக் கொடுத்தவளை என்ன செய்வது? அடுப்பங்கரையை விட்டு வராதவளுக்கு, ராணி செய்த காரியத்தையே தானும் செய்ய ஒரு நாள் வாய்த்தது. அந்தச் சந்தோஷம் பொய்யல்ல.

இக்னாஸியோ ஸிலோனேயின் 'ஃபொன்டமாரா' எனக்குப் பிடித்த நாவல். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி, குடியானவர்களின் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிடும் கட்டத்தை மறக்க முடியாது. 1933-ல் வந்த நாவலில் 1935-ன் மோதிரத்தை நான் தேடவில்லை. அந்த மனசைத்தான் தேடினேன். ஸிலோனேயின் ஜனங்கள் ஏமாற்றப்படுகிறார்கள், ஏமாற ஆசைப்படுவதில்லை. கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனால்கூட, நிலம் கிடைக்கப் போகிறது என்றுதான் போகிறார்கள். ஸ்விட்ஜர்லாந்தில் அகதியாக உட்கார்ந்து எழுதியவருக்குத் தம் ஊர்மேல் அத்தனை பாசம் இருந்தது நியாயமே. நஷ்டம் நாவலுக்குத்தான்.

படித்தவர்கள் மட்டும் தப்பினார்களா? 1924 ஜூனில் எதிர்க்கட்சித் தலைவர் மட்டேயோட்டி கொலையுண்டு, பாஸிஸ்ட் கட்சியின் பெயர் நாறிக் கிடந்தது. அந்த செப்டம்பரில் வலியப் போய்ச் சேர்ந்தார் பிரண்டெல்லோ. வேஷமே முகமாகிவிடும் கதையை 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் எழுதிய அதே பிரண்டெல்லோ! 1934-ல் பெற்ற நோபல் பதக்கத்தையும் அவர் உருக்கக் கொடுத்தார். 1925-ல் பாஸிஸத்தைக் கண்டித்து அறிக்கை எழுதிய குரோச்சேகூடத் தம் செனட்டர் பதக்கத்தைக் கொடுத்தார். ஆட்சியின் கொள்கையை ஒப்பவில்லை, தேசத்துக்காகக் கொடுத்தேன் என்பது அவர் கட்சி. மோதிரம் கொடுத்தவளைக் கேட்டிருந்தால், அவளும் தேசத்துக்காக என்றுதானே சொல்லியிருப்பாள்?

பிரண்டெல்லோ 1936 டிசம்பரில் இறந்தார். ஏழைகளின் சவ வண்டி போதும், கூட யாரும் வரவேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். ஊர்வலம் நடத்தக் கட்சிக்குக் கொடுத்துவைக்கவில்லை.