தரையைத் துடைத்தது யார்?

இரவு எட்டே முக்கால் மணி. மகளுக்கு இரண்டேகால் வயது. பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கிண்ணத்தில் வைத்திருந்தோம். முதல் இரண்டு வாய் ஒழுங்காகப் போனது. மூன்றாவது வாய்க்குள் கை கிண்ணத்தில் இறங்கிவிட்டது. பிறகு நெற்றி, தலைமுடி, என் சட்டை, கடைசியாகத் தரை. எனக்குச் சட்டென்று புறநானூற்றின் 188ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. சும்மா இருக்க முடியாமல் மனைவியிடம் சொன்னேன்: "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா இதையேதான் பாடியிருக்கார். நெய்ச்சோத்தை மேலெல்லாம் பூசிக்கிற குழந்தை இல்லாதவங்க வாழ்ந்த நாளெல்லாம் வீண்னு."

அவள் ஈரத்துணியை என் கையில் கொடுத்தாள். "சரி. பாடுன ராஜா தரையைத் துடைச்சாரா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பற்றிய நம் பழைய கவிதைகளைத் திரும்பப் படித்தேன். சில கவிதைகள் அந்தக் கேள்விக்கு முன் நின்றன. சில கொஞ்சம் நெளிந்தன.

188ஆம் பாடலின் அழகு அதன் வினைச்சொற்களில் இருக்கிறது. குழந்தையின் கையும் வாயும் செய்கிற சின்னச் சின்ன வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. குழந்தையை அருகில் இருந்து பார்க்காதவரால் அப்படி எழுத முடியாது. அறிவுடைநம்பி பார்த்திருக்கிறார். ஆனால் பார்க்க மட்டும்தான் செய்திருக்கிறார். சோறு சிந்துவதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. சிந்தின சோறு பிறகு என்ன ஆனது என்பது பாட்டுக்குள் இல்லை. திருக்குறளில் சிறு கை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது என்ற பொருளில் வரும் 64ஆம் குறளும் இதே இடத்தில் நின்றுதான் பேசுகிறது. இவற்றை நான் எனக்குள் 'ஆறு மணி அப்பா' கவிதைகள் என்று சொல்லிக்கொள்வதுண்டு. ஆபீஸ் முடிந்து வருகிற அப்பாவுக்குக் குழந்தை ஒரு காட்சி. காலையிலிருந்து அதோடு இருந்தவருக்கு அது ஒரு நாள் முழுக்க நடந்த வேலை.

ஒரு வேடிக்கை. இதே அறிவுடைநம்பிக்குத்தான் பிசிராந்தையார் 184ஆம் பாடலில் வரிவிதிப்பு பற்றி அறிவுரை சொல்கிறார். யானை தானே வயலுக்குள் புகுந்தால், அது தின்பதைவிட அதன் காலில் மிதிபட்டு வீணாவது அதிகம் என்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு பாட்டும் ஒரே தட்டில் நடக்கின்றன.

*

எங்கள் போனில் ஒரு குழந்தை வளர்ப்பு ஆப் இருந்தது. எந்த மாதத்தில் குப்புற விழ வேண்டும், எந்த மாதத்தில் உட்கார வேண்டும், நிற்க வேண்டும் என்று மாதாமாதம் செய்தி வரும். 24ஆம் மாதத்தில், குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்று கேட்டது. மகள் அப்போது ஒற்றைச் சொற்களில்தான் இருந்தாள். நானும் மனைவியும் ஒரு வாரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "நீயெல்லாம் ஒன்றரை வயசுலயே வாய் ஓயாம பேசுவ" என்றாள். அது எவ்வளவு உண்மை என்று கண்டுபிடிக்க இப்போது வழியில்லை.

இந்த ஆப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வரும். அதுவும் ஒரு கால அட்டவணைதான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்று ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அவை கழங்கு, அம்மானை, ஊசல் என்று வேறாகும். பொதுவாக மூன்றாம் மாதத்தில் தொடங்கி, இரண்டு இரண்டு மாதமாக நகர்ந்து, 21ஆம் மாதத்தில் முடியும் என்பார்கள். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் தாண்டியும் இந்தச் சட்டகம் நின்றிருக்கிறது. பாட்டுடைத் தலைவர் அரசரானாலும் தெய்வமானாலும் அட்டவணை மாறாது.

நான் பிள்ளைத்தமிழைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது குழந்தை வளர்ப்புக் கையேடு அல்ல. மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிக் கொஞ்சிப் பார்க்கிற பக்தியின் விளையாட்டு. அதிலும் அம்புலிப் பருவம் அபாரமான கற்பனை. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசியலின் நான்கு வழிகளையும் கையாள்கிறார்கள். குழந்தைக்கும் உனக்கும் எத்தனை ஒற்றுமை என்று நைச்சியமாகப் பேசுவது. ஆனாலும் நீ அதற்கு ஈடாகமாட்டாய் என்று குத்துவது. வந்தால் என்னென்ன கிடைக்கும் என்று ஆசை காட்டுவது. கடைசியில், வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டுவது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை அப்படியே இதுதான்.

ஒரே ஒரு வித்தியாசம். அம்புலிப் பருவத்தில் இத்தனை கெஞ்சலும் மிரட்டலும் நிலாவிடம். குழந்தையிடம் அல்ல. எங்கள் வீட்டில் நிலா சமர்த்தாக பால்கனிக்கு வந்துவிடும். வராதவள் மகள்தான்.

பிள்ளைத்தமிழின் குழந்தையிடம் செங்கீரை ஆடு, கை கொட்டு, முத்தம் தா, வா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது முடியாது என்று சொல்வதே இல்லை. சிற்றில் பருவத்தில் மட்டும், சிறுமிகள் கட்டின மணல் வீட்டைச் சிதைக்கப் போகிறவனாக அது கொஞ்சம் நிஜக் குழந்தை ஆகிறது. அங்கேயும் கெஞ்சுகிற குரல்தான் நமக்குக் கேட்கிறது. என் மகள் 'வேணாம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தது 22ஆம் மாதத்தில். பிள்ளைத்தமிழ் அதற்கு ஒரு மாதம் முன்னாடியே சாமர்த்தியமாக முடிந்துவிடுகிறது. நாங்கள் வாயைப் பார்த்துக் காத்திருந்த அந்த இரண்டு சொல் வாக்கியம் கடைசியில் ஒரு காலை வந்தது. பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு போன என்னிடம் அவள் சொன்னது: "அப்பா வேணாம்."

எனக்குச் சந்தோஷப்படுவதா என்றே தெரியவில்லை. மனைவி ஆப்பில் டிக் அடித்தாள்.

*

பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாக உருவாவதற்கு முன்னோடி என்று பெரியாழ்வாரைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் முன்னோடியிடம் இருந்த ஒன்று பின்னால் வந்த வடிவத்தில் தொலைந்துவிட்டது என்பது என் வாசிப்பு. என் தொழிலில் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒரு மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுவது ஒன்று. அது ஓடும்போது உண்மையில் என்ன நடந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும் லாக் இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால் முதலாவதை யாரும் திறப்பதில்லை, லாக்கைத்தான் திறப்போம். பிள்ளைத்தமிழ் முதல் வகை. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனின் குழந்தைப் பருவத்தைச் சொல்லும் பகுதிகள் லாக்.

கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தோடு அது தொடங்குகிறது. ஆயர்பாடியில் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சள் பொடியும் கொட்டி முற்றமெல்லாம் சேறாகிறது. அந்தத் திருமொழியின் ஒன்பதாம் பாசுரத்தில் யசோதை இன்னொரு பெண்ணிடம் முறையிடுகிறாள். தொட்டிலில் போட்டால் அது கிழிகிற மாதிரி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பு போகிறது, சேர்த்து அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, இளைத்துப் போனேன் என்கிறாள். பிறந்த வீட்டுக் கொண்டாட்டம் முடிவதற்குள் தாயின் களைப்பு உள்ளே வந்துவிடுகிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எழுந்துபோய் மனைவியிடம் காட்டினேன். "இந்தம்மா நம்ம ஆளு" என்றாள்.

பிறகு வருவதெல்லாம் வேலைதான். காது குத்த வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். தலை வார வேண்டும். பூச்சூட்ட வேண்டும். தலை வாரும்போது பராக்குக் காட்டுவதற்குக் காக்கையைக் கூப்பிடுகிறாள். நாங்கள் பால்கனிப் புறாவைக் கூப்பிடுகிறோம். காது குத்தும் பகுதியில் குழந்தையின் மறுப்பே கேட்கிறது. என் காது வீங்கி எரியுமே என்று அது வாதாடுகிறது. அதாவது பெரியாழ்வாரின் குழந்தைக்கு 'வேணாம்' சொல்லத் தெரியும்.

குளிக்க அழைக்கும் பகுதியில், எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன் என்கிறாள் யசோதை. அந்தப் புளிப்பழம்தான் எனக்கு முக்கியம். குழந்தையை ரசிப்பதற்குப் புளிப்பழம் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் போகிறவருக்குத்தான் அது தேவை. அதே பகுதியில் இன்னோர் இடம் உண்டு. தொழுவத்துப் புழுதி படிந்த உன் உடம்பைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் பார்க்கிறவர்கள் பழிப்பார்கள், நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்கிறாள். ரசனையும் ஊர்வாய்க்குப் பயமும் ஒரே மூச்சில் வருகின்றன. 188ஆம் பாடலில் இருக்கும் மகிழ்ச்சி இங்கேயும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு 'ஆனால்' வருகிறது.

அண்டை வீட்டுப் பெண்கள் வந்து முறையிடும் பகுதியும் உண்டு. வெண்ணெயை விழுங்கிவிட்டு, வெறும் பாத்திரத்தைக் கல்லில் எறிந்து சத்தம் கேட்கிறான், உன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள் என்கிறார்கள். எங்கள் கீழ்வீட்டு அம்மா வந்து, "தம்பி, ஏதோ சத்தம் வந்துட்டே இருக்கே" என்று சொன்ன அன்று, மகள் எவர்சில்வர் டம்ளரை முப்பதாவது முறையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். உடைப்பது அவள் நோக்கமில்லை. சத்தம் ஒவ்வொரு தடவையும் வருகிறதா என்று சரிபார்க்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஆசையைப் பெரியாழ்வார் கவனித்து எழுதியிருக்கிறார்.

பெரியாழ்வாரும் ஆண்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அவர் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூமாலை கட்டியவர் என்கிறது மரபு. துளசிச் செடிகளுக்கிடையே கிடைத்த ஆண்டாளை வளர்த்தவர் என்றும் சொல்கிறது. தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றின கைக்கு, ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலை நிற்கும் என்பது தெரிந்திருக்கும். அவர் தாயாகக் கற்பனை செய்துகொண்டபோது தாயின் உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அவள் கையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே கற்பனை செய்தார்.

*

இதையெல்லாம் நான் எழுத வேண்டியதன் காரணம் வேறு. சில மாதங்களுக்கு முன் மூன்று ராத்திரி மகள் தூங்கவில்லை. கடைவாய்ப் பல். நான்காம் நாள் காலையில் மனைவி சமையலறையில் நின்றபடி சொன்னாள்: "சில நேரம் இவ என்னை நோக்கி ஓடி வரும்போது எனக்குப் பயமா இருக்கு."

நான் சொன்னது: "பெத்த புள்ளையப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியாழ்வார் திருமொழியில், யசோதை கண்ணனுக்கு அம்மம் தர அஞ்சும் பகுதி ஒன்று உண்டு. அவன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, உன்னை இப்போது அறிந்துகொண்டேன், பால் தரப் பயமாக இருக்கிறது என்கிறாள். குழந்தை பரம்பொருள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வந்த அச்சம் என்பது மரபான வாசிப்பு. அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. தெய்வத்தைக் கண்ட அச்சமும் தூக்கம் கெட்ட உடம்பின் அச்சமும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆனால் அச்சத்தின் அமைப்பு ஒன்றாக இருக்கிறது. நம் உடம்பிலிருந்து வந்த, நம் பாலைக் குடித்த ஒன்று, நம் கைக்கு அடங்காத வேறொரு ஆள் என்று ஒரு கணம் தெரிகிறது. அன்பு குறையவில்லை. கிட்டே போகத்தான் தயக்கம். அந்தப் பகுதியில் யாரும் யசோதையைத் திருத்தவில்லை. பெத்த புள்ளையப் பாத்து பயப்படலாமா என்று கேட்க அங்கே ஒரு புருஷன் இல்லை. பெரியாழ்வார் அவளைப் பாட்டு முழுக்கப் பேசவிடுகிறார்.

அதைப் படித்த வாரத்திலேயே எனக்கும் பாடம் கிடைத்தது. ஆபீஸ் காலில் இருந்தேன். மகள் மூன்றாவது தடவையாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாள். கத்திவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அவள் அழவில்லை. அசையாமல் நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் கண்ணில் அப்போது இருந்தது பயம். பயம் எனக்கும் வந்தது, என்னைப் பார்த்தே. சிறிது நேரம் கழித்து முதுகில் பிசுபிசுவென்று இரண்டு கைகள். பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். குழந்தை பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கென்றே பெரியாழ்வார் ஒரு முழுப் பகுதி பாடியிருக்கிறார். புறம்புல்கல் என்று அதற்குப் பெயர். முன்னே வந்து கட்டிக்கொண்டால் முகம் தெரியும். பின்னாலிருந்து கட்டிக்கொண்டால் மன்னித்துவிட்டதா, மறந்துவிட்டதா, விளையாட்டா என்று நமக்குத் தெரியாது. கை மட்டும்தான் தெரியும்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன், "அன்னைக்கு நீ பயமா இருக்குன்னு சொன்னப்ப நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"இப்பவாவது புரிஞ்சுதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றி விவரமாகச் சொன்னாள். நடுவில் பேசாமல் கேட்டேன்.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தரை என் பொறுப்பு. நெய் பட்ட டைல்ஸ் வெறும் ஈரத்துணிக்குப் போகாது. முதலில் பருக்கையைப் பொறுக்கிவிட்டு, துணியை வெந்நீரில் பிழிந்து துடைக்க வேண்டும். நாற்காலிக் காலுக்கு அடியில் பார்க்காமல் விட்டால் காலையில் எறும்பு வந்திருக்கும். 188ஆம் பாடல் எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆனால் அதைத் துடைத்து முடித்த பிறகுதான் நினைத்துக்கொள்கிறேன்.