தாவிப் படித்த பக்கங்கள்

யேட்ஸையும் ப்ரூஸ்டையும் ஜாய்ஸையும் அமெரிக்க வாசகர்களுக்கு நெருக்கமாக்கிய விமர்சகர் எட்மண்ட் வில்சன். 1944 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ இதழில், துப்பறியும் நாவல்களை ஜனங்கள் எதற்காகத்தான் படிக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ரெக்ஸ் ஸ்டவுட், அகதா கிறிஸ்டி, டாஷியல் ஹாமெட் என்று சிலரைப் படித்துப் பார்த்து, ஒன்றும் தேறவில்லை என்று முடித்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. டோரதி சேயர்ஸைப் படியுங்கள் என்றார்கள் பலர். படித்தார். 1945 ஜனவரியில் முன்னைவிடக் காட்டமாக எழுதினார். சேயர்ஸின் ‘தி நைன் டெய்லர்ஸ்’ (1934) நாவலில் தேவாலய மணியடிப்பு பற்றிய பக்கங்களில் பெரும்பகுதியைத் தாவிவிட்டதாக அந்தக் கட்டுரையில் அவரே சொல்கிறார். பழக்கமில்லாத இந்த வகைக்குள் நுழையும் இலக்கிய வாசகருக்கு என்ன நேர்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த நாவலில் ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதற்கு விடை மணிக்கூண்டில்தான் இருக்கிறது.

கதை நடப்பது கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலத்தில். புத்தாண்டுக்கு முந்தின மாலை, பனியில் கார் வாய்க்காலில் இறங்கிவிட, சேயர்ஸின் துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி கிராமத்துப் பாதிரியார் வீட்டில் ஒதுங்குகிறார். நள்ளிரவு தொடங்கி ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் மணியடிக்க ஏற்பாடாகியிருக்கிறது. அடிப்பவர்களில் ஒருவர் இன்ஃபுளுவென்சாவில் படுத்துவிட, விம்சி அவர் கயிற்றைப் பிடிக்கிறார். மணிகள் எட்டு; ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இந்த மணியடிப்பில் மெட்டு கிடையாது, கணக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாற வேண்டும். ஒரு மணி ஒரு சுற்றில் ஓரிடம் மட்டுமே நகரலாம். எட்டு மணிகளுக்கு 40,320 வரிசைகள் சாத்தியம். அன்றிரவு அடிக்கப்படுவது 15,840 சுற்று. சேயர்ஸ் ஃபென் பகுதியில் பாதிரியார் மகளாக வளர்ந்தவர். மணியடிப்பின் கணக்கைப் புத்தகத்திலிருந்து கற்றார். அவசரமாகப் படிப்பவருக்கு இதெல்லாம் கலைக்களஞ்சியக் குறிப்பாகத் தெரியும். பின்னால் ஒரு சங்கேதக் கடிதம் உடைவது இந்தக் கணக்கால்தான். ஒன்பது மணி நேரம் என்ற நீளமும் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லப்பட்டதல்ல. இதற்கு மேல் சொல்வது இனிப் படிக்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகம்.

வில்சன் சோம்பேறி வாசகர் அல்ல. ப்ரூஸ்டின் நீண்ட வாக்கியங்களில் பொறுமை இழக்காதவர். அவருடைய பொறுமை மனித மனம் பேசும் இடங்களில் குவிந்திருந்தது. நாமும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்: ஓர் அறை வர்ணிக்கப்பட்டால், அதில் இருப்பவரின் மனநிலையைத் தேடுகிறோம். கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926) நாவலில், கொலை நடந்த அறையில் ஒரு பெரிய நாற்காலி சுவரோரத்திலிருந்து முன்னே இழுக்கப்பட்டிருக்கிறது. பிறகு பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அது எந்தத் தனிமைக்கும் குறியீடு அல்ல. எதையோ மறைக்க நகர்த்தப்பட்ட நாற்காலி, அவ்வளவுதான். அதே நாவலில் பத்து நிமிடம் ஒரு சாதாரண வாக்கியத்துக்குள் மறைந்துபோகிறது. தட்டையான நடை என்று நாம் கிறிஸ்டியைக் குறை சொல்கிறோமே, அந்தத் தட்டைதான் அவர் ஒளித்துவைக்கும் இடம். மின்னும் நடையில் அந்தப் பத்து நிமிடத்தை ஒளிக்கவே முடியாது.

இதைப் புரிந்துகொண்டு உள்ளே வந்தவர் எழுத்தாளர் போர்ஹெஸ். 1945-இல் நண்பர் பியோய் கசாரெஸுடன் சேர்ந்து, புவெனஸ் அயர்ஸில் ‘ஏழாம் வட்டம்’ என்ற துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கினார். பெயர் தாந்தேயின் நரகத்திலிருந்து வந்தது. வன்முறையாளர்கள் கிடப்பது அந்த வட்டத்தில். முதல் நூலை எழுதிய நிக்கலஸ் பிளேக், பின்னாளில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரான செசில் டே-லூயிஸ். 1978-இல் ஆற்றிய உரையில் போர்ஹெஸ் சொன்ன கருத்து இந்தத் துறையின் மொத்த விமர்சனத்துக்கும் அடிப்படையாக இருக்கத் தக்கது: 1841-இல் எட்கர் ஆலன் போ துப்பறியும் கதையை மட்டும் உருவாக்கவில்லை, எதையும் சந்தேகத்தோடு படிக்கும் ஒரு வாசகரையும் உருவாக்கினார். அந்த வாசகர் ‘டான் கிஹோத்தே’யைக் கையில் எடுத்தாலும், ஊர்ப் பெயரைக் கதைசொல்லி ஏன் மறைக்கிறார் என்றுதான் முதலில் யோசிப்பார்.

கவிஞர் ஆடன் 1948-இல் எழுதிய கட்டுரையில், இந்த நாவல்கள் தன்னைப் போதைபோலப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, இவை கலை அல்ல என்றும் தீர்ப்பளித்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மூடிய சிறு சமூகம் ஒன்றில் எல்லோர் மேலும் படியும் குற்றவுணர்வை அவர் விளக்கும் விதம் அருமையானது.

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் டூரன்மாட் முதலில் ஒரு சினிமாவுக்காகக் கதை எழுதினார். அதில் கொலைகாரன் பிடிபடுகிறான். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. அதே கதையை 1958-இல் நாவலாக்கி, துப்பறியும் நாவலுக்கு இரங்கற்பா என்று துணைத்தலைப்பும் வைத்தார். நாவலில் துப்பறிபவரின் கணிப்பு முழுக்கச் சரி. ஆனால் கொலைகாரன் வரும் வழியிலேயே விபத்தில் செத்துப்போகிறான். அவனைப் பிடிக்கப் பெட்ரோல் பங்க் வைத்துக் காத்திருக்கும் அந்தத் துப்பறியும் அதிகாரிக்கு அது தெரியாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சிதைகிறார். இந்த வகையின் விதிகளை ரசித்துப் பழகியவருக்குத்தான் அந்தச் சிதைவின் முழு வலியும் உறைக்கும்.

நம்மிடம் இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. ஆனாலும் ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்றால் விற்பனையைப் பற்றியே பேசுகிறோம். சுஜாதாவின் சிறுகதைகளை அலசுகிறவர்கள் கணேஷ்-வசந்த் கதைகளை இளமைக்கால நினைவாக மட்டும் தொட்டுச் செல்கிறார்கள். தடயம் எந்த வரியில் வைக்கப்பட்டது, வாசகரிடம் எவ்வளவு நேர்மையாக, எவ்வளவு சாமர்த்தியமாக வைக்கப்பட்டது என்று வரிவரியாகப் பார்க்கும் விமர்சனம் என் கண்ணில் அரிதாகவே பட்டிருக்கிறது. கணேஷ் அறிமுகமான ‘நைலான் கயிறு’ அப்படிப் படிக்கத் தகுந்த நாவல். முதலில் அதை எடுத்துக்கொள்ளலாம்.