தன் வகை தவறாமல் திரும்புதல்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் விமலசுரேந்திர நீர்மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, நோர்ட்டன் வழியாகப் பழைய லக்ஷபானவுக்கு இறங்குகிறது. பிறகு மவுசாக்கலைப் பக்கத்து நீரோடு கூடி, 1969 முதல் இயங்கும் நம் பொல்பிட்டிய நிலையத்துக்கு வருகிறது. ஒவ்வொரு நிலையமும் தன் வேலை முடிந்ததும் நீரை நீராகவே கீழே விடுவதால்தான் இந்தத் தொடர் நடக்கிறது. நிரலில் மெத்தட்டுகளைத் தொடராகக் கோப்பதற்கும் இதே நிபந்தனை உண்டு: ஒரு மெத்தட் திருப்பித் தரும் ஒப்ஜெக்டின் மேல்தான் அடுத்த மெத்தட்டை அழைக்கிறோம். 1970களில் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஸ்மோல்டோக்கில், எதைத் திருப்புவது என்று எழுதாத மெத்தட் தன் ஒப்ஜெக்டையே திருப்பும். வகைகளை முன்கூட்டிச் சரிபார்க்காத மொழி அது. ஆகவே திரும்புவது எந்த வகை என்ற கேள்வியும் எழவில்லை.

வகையை எழுதச் சொல்லும் மொழிகளில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. தேயிலைத் தோட்டக் கணக்கையே எடுப்போம். ‘பதிவு’ என்பது பொது வகை. அதன் கீழ் கொழுந்துப் பதிவு, கவ்வாத்துப் பதிவு. திகதியை மாற்றும் மெத்தட் பொது வகையில் இருக்கிறது, ‘பதிவு’ ஒன்றைத் தருவதாக. கொழுந்துப் பதிவின் திகதியை மாற்றினால் கையில் கிடைப்பது வெறும் ‘பதிவு’. எத்தனை கிலோ என்று அதனிடம் கேட்கக் கொம்பைலர் விடாது. விவரம் உள்ளே இருந்தும் வகை அதை மறைத்துவிடுகிறது.

இதைத் தீர்க்கும் பழைய மரபு, ‘என் வகை’ என்பதற்கே மொழியில் ஒரு சொல்லைத் தருவது. பெர்ட்ராண்ட் மேயரின் ஐஃபெலும் கிம் புரூஸின் ஆய்வு மொழிகளும் இவ்வழி நடந்தன. டைப்ஸ்கிரிப்ட் 2015இலும் பைதன் 2022இலும் இதைச் சேர்த்துக்கொண்டன. ஓகாமல் இன்னும் நேர்த்தி: பழைய ஒப்ஜெக்டைத் தொடாமல், சில புலங்களை மட்டும் மாற்றிய பிரதியை அதே வகையில் தர அதற்கெனத் தனி எழுத்துமுறையே வைத்திருக்கிறது.

ஸ்காலாவில் மார்ட்டின் ஒடெர்ஸ்கி தந்த தனியொப்ஜெக்ட் வகை மிகக் கண்டிப்பானது. ‘இதே ஒப்ஜெக்ட்’ என்று அது வாக்குக் கொடுக்கிறது. உள்ளதையே திருத்தித் திருப்பும் மெத்தட்டுக்கு அது போதும். ஃபங்ஷனல் நடையிலோ எதையும் திருத்துவதில்லை, புதிய பிரதிதான் எடுக்கிறோம். பிரதி வேறு ஒப்ஜெக்ட் என்பதால் கொம்பைலர் மறுத்துவிடும்.

1989இல் கானிங், குக், ஹில், ஓல்தாஃப், மிட்செல் ஆகியோர் முன்வைத்த எஃப் எல்லைமுறை இங்கேதான் கைகொடுக்கிறது. ‘பதிவு’ ஓர் அளவுரு வாங்குகிறது. அந்த அளவுருவும் ஒரு ‘பதிவு’ ஆக இருக்கவேண்டும். கொழுந்துப் பதிவு தன் பெயரையே அதில் இட்டுக்கொள்கிறது. 2004இல் ஜாவா 5 தன் ஈனம் (Enum) கிளாஸை இப்படித்தான் எழுதியது. எனக்கு இம்முறையில் முழு நம்பிக்கை இல்லை. கவ்வாத்துப் பதிவு அந்த இடத்தில் கொழுந்துப் பதிவின் பெயரை இட்டாலும் எல்லைவிதி ஏற்றுக்கொள்ளும். ஸ்காலாவில், கிளாஸ் தானும் அந்த அளவுருவின் வகையாக இருக்கவேண்டும் என்னும் தன்வகைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்து அந்த ஓட்டையை அடைக்கலாம். ஆனாலும் கொழுந்துப் பதிவின் கீழ் கைக்காசுப் பதிவு என்று இன்னொரு தலைமுறை வந்தால், அளவுரு ஏற்கெனவே நிரம்பிவிட்டது. திகதி மாற்றிய கைக்காசுப் பதிவு கொழுந்துப் பதிவாகத்தான் திரும்பும். கூடவே, ‘பதிவு’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அளவுருவைச் சுமக்கவேண்டியிருக்கிறது.

ஃபிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் அதே 1989இல் ஹாஸ்கெலுக்காக விளக்கிய டைப்கிளாஸ், மரபுரிமையையே விட்டுவிடுகிறது. திகதி மாற்றும் திறன் வகைக்கு வெளியே நிற்கும். கொழுந்துப் பதிவுக்கு ஒன்று, கவ்வாத்துப் பதிவுக்கு ஒன்று என்று தனித்தனியே செயலாக்கம் எழுதுகிறோம். எந்த வகை போகிறதோ அதே வகை வரும் என்பது மெத்தட்டின் கையொப்பத்திலேயே இருக்கிறது. ஸ்காலாவிலும் இதை எழுதலாம். விலை ஒன்று உண்டு: பலவகைப் பதிவுகளை ஒரே பட்டியலில் வைக்க, ஒவ்வொன்றையும் அதன் செயலாக்கத்தோடு சேர்த்துப் பொதி கட்டவேண்டும்.

எந்த மரபையும் நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். துணைவகை இழக்கப்படுகிறதா? பிரதி எடுத்தாலும் வாக்கு நிற்கிறதா? தவறான வகையை எழுதினால் கொம்பைலர் தடுக்கிறதா? ஓகாமலும் டைப்கிளாஸும் மூன்றிலும் தேறுகின்றன. தன்வகைக் குறிப்போடு வரும் எஃப் எல்லைமுறை பின்னிரண்டில் தேறி முதலாவதில் வழுக்குகிறது. ஸ்காலாவில் மாறாத தரவோடு வேலை செய்யும் நம் மாணவர்கள் டைப்கிளாஸை முதலில் எழுதிப் பழகவேண்டும். எஃப் எல்லைமுறையைப் பிறர் நிரலில் கண்டால் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் போதும்.